அலெக்ராவின் வெள்ளிக்கிழமை

இப்போதெல்லாம் யாரும் எதையும் மனதில் வைத்துக்கொள்வதில்லை. செத்த வீட்டுக்கு வருகிறவன், பெட்டியில் கிடக்கிற முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் போனைத் தூக்கிப் பிடிக்கிறான். படம் எடுத்துவிட்டால் பார்த்தாயிற்று என்று அர்த்தமாம். அடுத்த வாரம் அவனிடம் கேட்டுப் பாருங்கள், செத்தவருக்கு மீசை இருந்ததா என்று தெரியாது. "போன்ல கெடக்கு, பாத்துச் சொல்லட்டா?" என்பான். வருஷ நினைவு வந்தால் ஒரு மெழுகுவர்த்திப் படத்தை அனுப்பிவிட்டுத் தூங்கப் போகிறான். அந்த மெழுகுவர்த்தி காற்றில் அணைவதும் இல்லை, யார் கையையும் சுடுவதும் இல்லை. என்ன பிரயோஜனம்?

நான் ஐந்தாம் வகுப்போடு நிறுத்திக் கடலுக்குப் போனவன். பெயர் சிலுவைதாசன், ஊர் கன்னியாகுமரிக்கு மேற்கே மேலத்துறை. எழுதுவது என் வேலை இல்லை. மனைவி செலஸ்தினாள் எழுதச் சொன்னாள். எழுதி வைத்தால் அப்பப்போ எடுத்துப் படித்துக்கொள்வாளாம். அதற்காக எழுதுகிறேன். யாரையும் நம்பவைக்க இல்லை. எனக்கே இதில் முழு நம்பிக்கை கிடையாது.

செலஸ்தினாள் இஸ்ரேலில் ஹைஃபா என்ற ஊரில் அலெக்ரா என்கிற யூதக் கிழவியைப் பார்த்துக்கொள்ளப் போனாள். குளிப்பாட்டுவது, சோறு ஊட்டுவது, மருந்து கொடுப்பது. இரண்டு வருஷத்தில் வருகிறேன் என்று போனவள், கிழவி சாகிறவரை பதினோரு வருஷம் இருந்துவிட்டாள். நடுவில் எங்கள் மகன் ஆன்றோவைப் புயலில் கடல் கொண்டுபோனது. உடல் கிடைக்கவில்லை. உடல் இல்லாத சாவுக்கு எதற்கு வரவேண்டும் என்று அவள் வரவில்லை. கிழவிதான் அவளை ஏழு நாள் தரையில் உட்காரவைத்து, தானும் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாளாம். அவர்கள் வழக்கம் அது.

அந்தக் கிழவிக்கும் உடல் கிடைக்காத சாவுகள்தான். அவள் பிறந்தது கிரேக்க நாட்டில் சலோனிகா என்ற துறைமுகத்தில். அப்பா மீன்பிடிக்கிறவர். அவளுக்குப் பதினேழு வயதாகும்போது நாஜிகள் அந்த ஊர் யூதர்களை, கைக்குழந்தை முதல் நடக்க முடியாத கிழவன் வரை, சரக்கு ரயிலில் அடைத்துப் போலந்துக்குக் கொண்டுபோனார்கள். ஐம்பதாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அவுஷ்விட்ஸ் முகாமில் இறங்கியவர்களில் பெரும்பாலானவர்களை அன்றைக்கே விஷவாயுவில் அடைத்துக் கொன்றார்கள். அலெக்ரா வீட்டிலிருந்து ஆறு பேர் ரயில் ஏறினார்கள். அவள் ஒருத்தி உயிரோடு வந்தாள். திரும்பி வந்து பார்த்தால் வீட்டில் வேறு யாரோ இருந்தார்கள். தாத்தா பாட்டியைப் புதைத்த கல்லறைத் தோட்டம்கூட இல்லை. கல்லைப் பெயர்த்து ரோட்டுக்கும் கட்டடத்துக்கும் எடுத்துவிட்டார்கள்.

கிழவியின் கடைசிக் காலத்தில்தான் அந்த மிஷின் வந்தது. ஒருவர் தலையில் இருக்கிற ஒரு நாளை, விடிந்ததிலிருந்து படுக்கிறவரை அப்படியே, இன்னொருவர் தலைக்கு மாற்றிவிடும். மாற்றியபின் கொடுத்தவருக்கு அது இருக்காது. ஒருவர் பிறத்தியார் நாள் ஒன்றைத்தான் தாங்க முடியும். கிழவியின் மகன் தன் அப்பாவின் நாளை ஏற்கெனவே வாங்கியிருந்தார். பேத்தி அப்போது சின்னப் பிள்ளை. கிழவி செலஸ்தினாளைக் கேட்டாள். இவள் தலையை நீட்டிவிட்டாள்.

அதற்கு என்ன கொடுக்கவேண்டும் என்று ஊருக்கு வந்தபிறகுதான் எனக்குத் தெரிந்தது. சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் படத்தைப் பார்த்து, "மாலையோட நிக்கது நானா?" என்று கேட்டாள்.

"பின்ன ஒங்கம்மையா?" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. ஒரு நாள் உள்ளே போகவேண்டுமென்றால் ஒரு நாள் வெளியே வரவேண்டுமாம், வந்தது அழிந்தே போகுமாம். எங்கள் கல்யாணத்தைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"வேற நாளே கெடைக்கல்லியா ஒனக்கு?"

"ஆன்றோ பெறந்த நாளு ஒண்ணு இருந்து. அதக் குடுக்க மனசு வரல்ல. நீரு உயிரோடத்தான இருக்கீரு? கல்யாணத்த நீரு சொல்லும், நான் கேட்டுக்கிடுதேன்."

நான் சொல்லவில்லை. வீம்பு. அவள் அந்தக் கிழவியின் நாளைச் சொல்ல வந்தால், "போடீ, மிஷின்காரன் காட்டின சினிமா" என்று பாதியில் எழுந்து போய்விடுவேன். மரித்தோர் தினத்துக்குக் கடற்கரை மணலில் அவள் ஆன்றோவுக்கு ஒரு மெழுகுவர்த்தி வைப்பாள், பக்கத்தில் இன்னும் ஐந்து வைப்பாள். ஊரில் பெண்கள் யாருக்கு என்று கேட்டால், "எனக்குத் தெரிஞ்சவங்க" என்பாள். காற்றுக்குக் கையால் மறைத்துக்கொண்டு கடைசிவரை உட்கார்ந்திருப்பாள்.

போன வருஷம் தேயிலைத் தண்ணியில் சீனிக்குப் பதில் உப்பைப் போட்டாள். பிறகு கோயிலுக்குப் போனவள் திரும்பி வர வழி தெரியாமல் நின்றாள். மறதி நோய்தான் என்று டாக்டர் சொன்னார். செலஸ்தினாள் போனில் சொல்லியிருக்கிறாள், அடுத்த மாதமே ஹைஃபாவிலிருந்து அலெக்ராவின் பேத்தி தாமார் வந்து இறங்கினாள்.

நாகர்கோவிலில் ஒரு பழைய கல்யாண மண்டபத்தை வாடகைக்குப் பிடித்து அந்த மிஷினை வைத்திருந்தார்கள். பெரிதாக ஒன்றும் இல்லை. இரண்டு சாய்வு நாற்காலி, வலைப்பின்னல் மாதிரி இரண்டு தொப்பி. நடத்துகிறவர் டாக்டர் வினோலியா, நம்ம குளச்சல்காரி. தாமார் சட்டையில் ஒரு பொத்தான் மாட்டியிருந்தாள். அவள் எபிரேயத்தில் பேசினால் பொத்தான் தமிழில் சொல்லும். ரேடியோ செய்தித் தமிழ்.

"ஐயா, தங்களைச் சந்திப்பதில் பெருமகிழ்ச்சி அடைகிறேன்" என்றது பொத்தான்.

"இவ என்ன டாக்டரே, ஆகாசவாணி மாதிரி பேசுகா?"

"பாட்டா, சும்மா இரியும்" என்றார் டாக்டர். "விசயத்தச் சொல்லுகேன், கேளும். பாட்டிக்கு நோய் ஏறிட்டு வருது. அவங்க நாளுங்க போற மாதிரி அந்த அலெக்ரா நாளும் போயிரும். அதுக்கு முன்ன எறக்கி வேற ஆளுக்கு மாத்தணும்."

"மிஷின்லயே போட்டு வையுங்க. அதுக்குத்தான மிஷின்?"

"அதுல நிக்காது பாட்டா. உசிருள்ள தலையிலத்தான் நிக்கும். இந்தத் தலையிலருந்து அந்தத் தலைக்கு, அவ்வளவுதான்."

"இந்தப் பொண்ணு வாங்கட்டு. அவ குடும்பந்தான?"

தாமார் தலையை ஆட்டினாள். அப்பா இறக்கும்போது அவர் சுமந்த நாளை அவள் வாங்கிவிட்டாள். இடம் இல்லை. "கொல்லப்பட்ட எங்கள் மக்களின் நினைவு நாளில் பல லட்சம் பேர் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள்" என்றது பொத்தான். "ஒரு நாளைக் கொடுத்து ஒரு நாளை வாங்க வாருங்கள் என்று அவர்களிடம் கேட்டோம். வருந்துகிறோம் என்று பதில் வந்தது. சிலர் அப்படி ஒரு கொலையே நடக்கவில்லை என்று எழுதினார்கள்."

"முகாம்ல நடந்தத நான் பாக்க மாட்டேன். சொல்லிட்டேன். இந்த வயசுல என்னால முடியாது" என்றேன்.

"இது முகாம் நாள் இல்லை, ஐயா. அதை என் பாட்டி அலெக்ரா வாயால் சொல்லிவிட்டாள். பள்ளிகளில், நீதிமன்றத்தில், கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னாள். அது பதிவாகி இருக்கிறது. இது அவளுக்குப் பன்னிரண்டு வயதில் ஒரு வெள்ளிக்கிழமை. வீட்டில் ஒரு புகைப்படமும் மிஞ்சவில்லை. அவள் குடும்பத்தாரின் முகம் எப்படி இருக்கும் என்று இப்போது உலகத்தில் தங்கள் மனைவிக்கு மட்டும்தான் தெரியும்."

செலஸ்தினாள் புடவைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். அவள் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் முடியாது என்று சொல்லியிருப்பேன். அவளுக்கு அது தெரியும்.

நான் யோசித்தேன். ஆன்றோ கடைசியாகப் போன காலையை நான் ஒருவன்தான் பார்த்தேன். படகைத் தள்ளிவிட்டது நான். மோட்டாரைக் கிளப்பிவிட்டு, "அப்பா, வரும்போ டீக்கடைல பழம்பொரி வாங்கி வையும்" என்று கத்தினான். உப்பில் வெளுத்த சிவப்புச் சட்டை. அந்தச் சட்டையும் அந்தக் குரலும் என் தலையில்தான் இருக்கின்றன. நான் செத்தால் அவ்வளவுதான். என் மகனுக்காக ஒரு வேற்று மனுஷன் வந்து, நான் வைத்துக்கொள்கிறேன் என்று தலையை நீட்டினால், வேண்டாம் என்றா சொல்வேன்?

"நான் எதக் குடுக்கணும்?" என்றேன்.

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். "அதே கனமுள்ள நாளு வேணும் பாட்டா."

"இருக்கு. மவனத் தேடினது போதும், ஆளு கெடைக்காதுன்னு காவல் கப்பல்காரன் சொன்ன நாளு. எடுத்துக்கிடுங்க. கனமான கனம்."

"அது எடுபடாது. தொலஞ்சாப் போதும்னு நெனைக்க நாளு இதுல ஏறாது. விடமாட்டேன்னு புடிச்சிட்டு இருக்கோம் பாத்தீரா, அப்படி ஒரு நாளத்தான் எடுக்கும். அந்த எடத்துலத்தான் இந்த நாளு வேரு புடிக்கும்."

"நல்ல நாளாப் பாத்து எடுக்குமா? எந்தப் பாவி உண்டாக்கின மிஷின் இது?"

என் தலையில் அந்தத் தொப்பியை வைத்துப் பார்த்தார்கள். கனம் ஒத்துவந்தவை இரண்டே நாள். ஆன்றோ போன காலை ஒன்று. மற்றது எங்கள் கல்யாணம்.

அப்போதுதான் செலஸ்தினாள் வாயைத் திறந்தாள். "ஆன்றோவக் குடுத்திராதியும். நான் அங்க இல்ல. அவன் கடைசி முகம் உம்மகிட்டத்தான் இருக்கு."

"கல்யாணமும் என்கிட்டத்தான் இருக்கு! நீ வித்துத் தின்னுட்டு வந்தியே. நானும் குடுத்தா யாருகிட்ட இருக்கும்? அந்தப் படத்துலயா?"

"கத்தாதியும். நான் இத எறக்கி வச்சாத்தான் நிம்மதியாச் சாவேன். அஞ்சு பேரு என் கண்ணு முன்ன அழிஞ்சிட்டே வாராங்க. நேத்து அந்தச் சின்னப் பிள்ளைக்கி மூக்கு எப்படி இருக்கும்னு ரொம்ப நேரம் தேடினேன்."

நாற்பது வருஷத்துக்கு மேல் கூட இருந்தவள். கட்டுமரம் புரண்டு நான் இடுப்பொடிந்து கிடந்தபோதுகூட அழுததில்லை. அன்றைக்கு அழுதாள்.

டாக்டரையும் தாமாரையும் வெளியே போகச் சொன்னேன். கதவைச் சாத்திவிட்டு, பதினைந்து வருஷமாகச் சொல்லாமல் வீம்பு பிடித்த கல்யாணத்தை அவளுக்குச் சொன்னேன். மத்தியானம் தொடங்கி வெயில் தாழ்கிறவரை சொன்னேன். என்ன சொன்னேன் என்று இப்போது எனக்குத் தெரியாது. பேசினேன் என்று தெரியும். தொண்டை வறண்டது தெரியும். அவள் ஒரு இடத்தில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், இன்னொரு இடத்தில் என் கையில் அடித்து, "வெக்கம் கெட்ட மனுசன்" என்றாள். எதற்கு அடித்தாள் என்று எத்தனை யோசித்தும் பிடிபடவில்லை.

மறுநாள் காலையில் இரண்டு பேருக்கும் தொப்பியை மாட்டினார்கள்.

இதற்குமேல் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. தெரிந்த மட்டும் எழுதுகிறேன்.

முதலில் என் கை சின்னதானது. எழுபது வயதைத் தாண்டிய என் கை, கயிறு அறுத்து அறுத்துக் காய்ப்பு ஏறின கை, பன்னிரண்டு வயதுப் பெண்பிள்ளையின் கையாக இருந்தது. இடுப்பில் வலி இல்லை. அண்ணனுடைய பழைய தொப்பியைக் காது மூடப் போட்டிருந்தேன். குளிர். அப்படிக் குளிரும் ஒரு கடலை நான் பார்த்ததே இல்லை. அலை இல்லாமல் தட்டில் ஊற்றிய எண்ணெய் மாதிரிக் கிடந்தது. அக்கரையில், ஆகாயத்தில் பாதி உயரத்துக்கு ஒரு மலை, தலை முழுக்கப் பனி. இயேசுவே, அந்த மலை! சூரியன் வந்து அதில் பட்டதும் பனி மொத்தமும் இளஞ்சிவப்பானது. நான் அசந்துபோனேன். அவள் கண் அதில் நிற்கவில்லை. அவளுக்கு அது தினமும் இருக்கிற மலை. அவள் அப்பாவைப் பார்த்தாள்.

அவர் பெயர் சபேத்தாய். மூக்கு ஒரு பக்கம் ஒடிந்து கோணலாக இருந்தது. புருவம் கரும்புழு மாதிரி. துடுப்புப் போடும்போது நாக்கின் நுனியைப் பல்லில் கடித்துக்கொள்வார். எனக்குப் பெண்பிள்ளை கிடையாது. ஒரு பெண்பிள்ளை அப்பனைப் பார்க்கிற பார்வை எப்படி இருக்கும் என்று நான் எங்கே அறிந்தேன்? அன்றைக்கு அறிந்தேன். நெஞ்சு தாங்காது.

பெரிய அண்ணன் பெப்போ தாளம் தப்பித் தப்பிப் பாடினான். சின்னவன் ஜாக்கோ ஒரு மீனை எடுத்து என் தொப்பிக்குள் போட்டான். நான் அவனை வைதேன். என்ன பாஷை என்று தெரியாது, ஆனால் வைதேன். அத்தனை வசவும் வாயில் தயாராக இருந்தது. அவர்கள் சிரித்தார்கள். அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. இவர்கள் இரண்டு பேரும் இன்னும் ஐந்து வருஷத்தில் அந்த ரயிலில் ஏறுவார்கள். அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். திரும்பி வீட்டுக்குப் போகாதீர்கள், இப்படியே இந்தப் படகிலேயே எங்கேயாவது ஓடுங்கள் என்று கத்தப் பார்த்தேன். அந்த வாய் என் வாய் இல்லை. அது ஜாக்கோவைத்தான் வைதுகொண்டிருந்தது.

மத்தியானம் கடந்து சாளை மீன் கூட்டமாகப் பாய்ந்தது. தண்ணீருக்கு அடியில் யாரோ வெள்ளித் தகட்டைப் புரட்டிப் போட்டது மாதிரி. வலை கனத்தது. மீனவனுக்கு அதைவிட வேறு சொர்க்கம் இல்லை. அப்போது அந்த மனிதர் சூரியனைப் பார்த்தார். வலையை இழு, திரும்புவோம் என்றார். பெப்போ கோபப்பட்டான். இன்னும் ஒரு வலைக்கு மீன் நிற்கிறதே என்றான். சபேத்தாய், "மீன் கடலிலேதான் இருக்கும்" என்று மட்டும் சொன்னார். சூரியன் விழுந்தால் அவர்களுக்கு ஓய்வு நாள் தொடங்கிவிடும். படகு திரும்பியது. சுற்றிலும் பார்த்தால் அவர்கள் ஆட்களின் படகுகளெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பிக்கொண்டிருந்தன. மீன் பாய்கிற கடலை விட்டுவிட்டு.

வீட்டில் அம்மா புவேனா, குட்டித் தங்கை லூனா. புவேனா தலையில் துணியைப் போட்டுத் திரியை ஏற்றி, இரண்டு கையாலும் கண்ணை மூடிக்கொண்டு என்னவோ சொன்னாள். கையை எடுத்ததும் எங்கள் எல்லோரையும் புதிதாகப் பார்க்கிறது மாதிரிப் பார்த்தாள். மீன் வறுத்திருந்தது. லூனாவின் மூக்கு நன்றாகச் சப்பை, நுனியில் ஒரு மச்சம். செலஸ்தினாள் தேடினது அதுதான். லூனா தூங்கிப்போய் என் மடியில் விழுந்தாள். அந்தச் சூடு இன்னும் என் தொடையில் இருக்கிறது.

அவ்வளவுதான் அந்த நாள். வேறொன்றும் நடக்கவில்லை.

தொப்பியைக் கழற்றியபோது எனக்கு எங்கே இருக்கிறேன் என்று பிடிபடச் சற்று நேரமானது. செலஸ்தினாள் பக்கத்து நாற்காலியில் வெறுமனே உட்கார்ந்திருந்தாள். முகத்திலிருந்து ஒரு பாரம் இறங்கியிருந்தது.

"நல்லா இருந்தாங்களா?" என்று கேட்டாள். "அதுல யாரெல்லாம் உண்டு? எனக்கு ஒண்ணும் தெரியல்ல."

தாமார் என் காலடியில் வந்து உட்கார்ந்தாள். அழப்போகிறேன் என்று நினைத்திருப்பாள் போல. எனக்கு வந்தது கோபம்.

"அந்த ஆளுக்கு அறிவு இருக்கா?" என்றேன். "மீனு பாஞ்சிட்டு இருக்கு! மூத்தவன் சொல்லுகான், இன்னும் ஒரு வலை போடலாம்னு. கேக்கல்ல. வலைய இழுத்துட்டுத் திரும்புகாரு. சனிக்கெழம இவங்க போக மாட்டாங்க. ஞாயித்துக்கெழம தொழிலுக்குப் போகக்கூடாதுன்னு சர்க்காரு அடப்பு. ரெண்டு நாளு அந்தப் பிள்ளைங்க எதத் தின்னும்? மூக்கு கோணினாப் போதுமா, புத்தியும் கோணணுமா?"

பொத்தான் இதையெல்லாம் எபிரேயத்தில் சொல்லி முடிக்கிறவரை தாமார் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சிரித்தாள். சிரிப்பு எங்கேயோ போய் அழுகையாகி, திரும்பச் சிரிப்பானது.

"ஐயா, தாங்கள் என் கொள்ளுத்தாத்தாவை ஏசுகிறீர்களா?"

"ஆமா. ஏசத்தான் செய்யுகேன்."

"அவருக்காக அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். அவரை யாரும் ஏசி நான் கேட்டதே இல்லை. இன்னும் கொஞ்சம் ஏசுங்கள்."

பிறகு டாக்டர் ஒரு கேமராவைக் கொண்டுவந்து வைத்து, நான் இந்த நாளை நம்புகிறேன், காப்பேன் என்று இரண்டு வார்த்தை சொல்லச் சொன்னார். முடியாது என்றேன். நாஜிகள் அறுபது லட்சம் யூதர்களைக் கொன்றிருக்கிறார்கள். என்னிடம் ஒரே வீடு, ஒரே வெள்ளிக்கிழமை. இதை ஒரு கிழவன் தலையில் வைத்தால் யாருக்கு என்ன ஆகப்போகிறது? நானும் போனபிறகு எவன் வந்து வாங்குவான், மெழுகுவர்த்திப் படம் அனுப்புகிறவனா? என்னிடமிருந்து என்ன எடுத்தார்கள் என்றும் எனக்குத் தெரியவில்லை. எங்கேயும் ஓட்டை இல்லை, எதுவும் குறையவில்லை. ஏமாற்று வேலையாகக்கூட இருக்கலாம். செலஸ்தினாளிடம் கேட்டேன். "நல்லாத்தான் இருந்து நம்ம கல்யாணம். மறக்கும் முன்ன ஒரு நாளு சொல்லுகேன்" என்றாள்.

அவளைக் கையைப் பிடித்து இறக்கிக்கொண்டு வெளியே வந்தேன். தாமார் பின்னால் ஏதோ சொன்னாள், பொத்தானின் குரல் எட்டவில்லை. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது செலஸ்தினாளுக்கு ஒவ்வொரு முகமாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். பெப்போவை, ஜாக்கோவை, லூனாவின் மூக்கை. சபேத்தாய் வந்ததும் எனக்குத் திரும்பவும் ஆற்றாமை வந்தது. நடு ரோட்டில் நின்று அந்த ஆளிடமே நேராகக் கேட்டேன், எந்தப் பாஷையில் கேட்டேன் என்று தெரியாது, ஒரே ஒரு வலை போட்டிருந்தால் என்ன ஐயா குடி முழுகியிருக்கும்? அவர் நாக்கின் நுனியைக் கடித்துக்கொண்டு துடுப்பைத் தள்ளுகிறார். நான் சொல்வதை அவர் கேட்கிற மாதிரி இல்லை. அவர் சொல்வதை நானும் ஒத்துக்கொள்ளப்போவதில்லை. நானாக இருந்தால் கரைக்குத் திரும்பியிருக்க மாட்டேன்.